குழலுக்கேற்ற குண்டு!

பூட்டும் சாவியும்போல, ஒன்றில்லாமல் மற்றொன்று பயன் தராத பொருள்களைப் பொருளியலில் நிரப்புப் பண்டங்கள் என்கிறோம். ஒரு பொருள் சிறந்ததா என்ற கேள்விக்குத் தனியாக விடை கிடையாது. எதனோடு சேரும்போது சிறந்தது என்றே கேட்க வேண்டும். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக வகுப்பறையில் நான் வலியுறுத்திவந்த பாடம் இது. இந்தப் பாடத்தைத் தன் வாழ்க்கையாலேயே விளக்கிச் சென்றவர் ஒரு பொருளியலாளர் அல்லர், பட்டறைக்காரர். இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் வாழ்ந்த ஜோசப் விட்வொர்த் அவர்.

நம் ஊர்ப் பட்டறைகளில் வேலை கற்றவர்களுக்கு அந்தப் பெயர் புதிதன்று. போல்ட்டிலும் நட்டிலும் உள்ள மரைக்கு விட்வொர்த் மரை என்ற பெயர் தொழிற்பயிற்சி நிலையப் பாடங்களில் நெடுங்காலமாக இருந்துவருகிறது. அந்தப் பெயருக்குரியவர் வாழ்நாளில் பல ஆண்டுகளை வேறொரு சிக்கலுக்காகச் செலவிட்டார் என்பது அவ்வளவாக அறியப்படாத செய்தி. ஒரு துப்பாக்கிக் குழலுக்கு எந்த எடையுள்ள, எந்த நீளமுள்ள குண்டு பொருந்தும் என்பதே அந்தச் சிக்கல்.

விட்வொர்த் 1803 டிசம்பர் 21 அன்று ஸ்டாக்போர்ட்டில் பிறந்தார். தந்தை பள்ளி ஆசிரியர். பின்னர் சமயப் போதகரும் ஆனார். சிறு வயதிலேயே தாயை இழந்த ஜோசப், பதினான்கு வயதில் டெர்பிஷயரில் மாமா ஒருவரின் பருத்தி நூற்பாலையில் வேலை பழக அனுப்பப்பட்டார். ஆலை நிர்வாகத்தைக் கற்றுக்கொண்டு பங்காளியாக வருவான் என்பது குடும்பத்தின் எதிர்பார்ப்பு. பையனின் மனமோ கணக்கேடுகளில் ஒட்டவில்லை, இயந்திரங்களிலேயே ஒட்டியது. சில ஆண்டுகளில் ஆலையை விட்டு வெளியேறி, மான்செஸ்டர் பட்டறைகளில் கூலித் தொழிலாளியாகச் சேர்ந்தார்.

1825-இல் லண்டன் சென்றார். அக்காலத்தின் தலைசிறந்த இயந்திரக் கலைஞரான ஹென்றி மாட்ஸ்லேயிடம் வேலை கிடைத்தது. பின்னர் ஜோசப் கிளெமென்ட்டின் பட்டறையில் பணியாற்றினார். சார்லஸ் பாபேஜ் கனவு கண்ட கணக்கிடும் இயந்திரத்தின் பாகங்கள் உருவான இடம் அது. ஒரு பாகம் மற்றொரு பாகத்தோடு பொருந்துவதற்கு எவ்வளவு நுட்பமான அளவு தேவை என்பதை இளம் விட்வொர்த் அங்கே கண்கூடாகக் கண்டார். 1833-இல் மான்செஸ்டர் திரும்பி, சொந்தப் பட்டறையைத் தொடங்கினார்.

அவருடைய முதல் சாதனை ஒரு சமதளம். உண்மையிலேயே சமமான ஓர் உலோகத் தளத்தை எப்படி உருவாக்குவது? இரண்டு தகடுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுச் சீராக்கினால், ஒன்று சற்றே மேடாகவும் மற்றொன்று அதற்கேற்பச் சற்றே குழிவாகவும் அமைந்து, இரண்டும் கச்சிதமாகப் பொருந்திவிடக்கூடும். மூன்று தகடுகளை மாற்றி மாற்றி ஒப்பிட்டுச் சுரண்டினால் அந்தப் பிழை தப்ப வழியில்லை. மூன்றும் தம்முள் பொருந்த வேண்டுமானால் மூன்றும் சமதளமாகவே இருந்தாக வேண்டும். இந்த முறையைச் செம்மைப்படுத்தி 1840-இல் அறிஞர் அவை முன் விளக்கினார். பின்னாளில் அவர் உருவாக்கிய அளவுக் கருவி, ஓர் அங்குலத்தின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு வேறுபாட்டையும் காட்டக்கூடியதாக இருந்தது.

இரண்டாவது சாதனை மரை. அன்று ஒவ்வொரு பட்டறையும் தன் விருப்பப்படி மரை வெட்டியது. ஒரு பட்டறையின் போல்ட் தொலைந்தால் மற்றொரு பட்டறையின் போல்ட்டைப் போட முடியாது. விட்வொர்த் நாட்டின் பல பட்டறைகளிலிருந்து மரையாணிகளைத் திரட்டி, அளந்து, அவற்றின் சராசரியை ஒட்டி ஒரு பொது அளவை 1841-இல் முன்மொழிந்தார். மரையின் கோணம் 55 பாகை. ஒவ்வொரு விட்டத்துக்கும் அங்குலத்துக்கு இத்தனை மரை என்று ஓர் அட்டவணை. ரயில் நிறுவனங்கள் ஏற்றன. கப்பல் கட்டுவோர் ஏற்றனர். காலப்போக்கில் பிரிட்டனும் அதன் ஆட்சிக்குட்பட்ட நாடுகளும் ஏற்றன.

இங்கே அவர் செய்த தேர்வைப் பொருளியல் கண்ணோடு நோக்க வேண்டும். அவர் தேடியது இருப்பவற்றில் மிகச் சிறந்த மரையை அல்ல. எல்லோரும் அதிக இழப்பின்றி வந்து சேரக்கூடிய மரையை. எந்தப் பட்டறைக்கும் அது முற்றிலும் அந்நியமாக இருக்கவில்லை. அதனால்தான் அது பரவியது.

இந்தப் புகழோடு அவர் இருந்தபோது, 1854-இல் பிரிட்டன் கிரிமியப் போரில் இறங்கியது. பிரிட்டிஷ் படைக்கு என்ஃபீல்டு ரைபிள்கள் ஆயிரக்கணக்கில் தேவைப்பட்டன. அவற்றை இயந்திரங்களால் உற்பத்தி செய்யும் வழியைக் காணுமாறு விட்வொர்த் கேட்டுக்கொள்ளப்பட்டார். அப்போதைய தலைமைத் தளபதி, நம் நாட்டில் கவர்னர் ஜெனரலாக இருந்து திரும்பிய ஹார்டிங் பிரபு. விட்வொர்த் உடனே இயந்திரம் செய்ய இசையவில்லை. எந்தக் குழல் எந்தக் குண்டை நேராகச் செலுத்துகிறது என்பதே முறையாக ஆராயப்படாதபோது, அதைப் பெருமளவில் உற்பத்தி செய்வதில் என்ன பொருள் இருக்கிறது என்பது அவர் வாதம். அரசு இணங்கியது. மான்செஸ்டருக்கு அருகே ஃபாலோஃபீல்டில், அவர் வீட்டு வளாகத்திலேயே, 500 கஜம் நீளமுள்ள மூடிய சுடுகூடம் ஒன்று அரசுச் செலவில் எழுந்தது. காற்றின் தொல்லை இல்லாத அந்தக் கூடத்தில் மெல்லிய தாள் திரைகளை வரிசையாகத் தொங்கவிட்டு, குண்டு துளைத்த தடத்தைத் திரைதோறும் அளந்தார்.

அவர் ஆராய்ந்த சிக்கலைப் பம்பரம் விட்டுப் பழகிய எவரும் எளிதில் புரிந்துகொள்ளலாம். ரைபிள் குழலின் உட்சுவரில் திருகுபோல் சுற்றிச் செல்லும் பள்ளங்கள் உண்டு. அவற்றைப் பற்றிக்கொண்டு வெளிவரும் குண்டு சுழன்றபடி பறக்கிறது. சுழற்சி இல்லாவிட்டால், நீண்ட குண்டின் முன்பகுதியைக் காற்று தள்ளித் தலைகுப்புறப் புரட்டிவிடும். குட்டையான பம்பரம் மெதுவாகச் சுற்றினாலும் நிற்கும். நெட்டையான பம்பரத்தை நிறுத்தி வைக்க வேகமான சுழற்சி தேவை. குண்டும் அப்படியே. குழலின் விட்டம் மாறாதவரை, எடை கூடினால் குண்டின் நீளம் கூடும். நீளம் கூடினால் குழலின் முறுக்கும் இறுக வேண்டும். எடை என்று நாம் பேசுவதெல்லாம் உண்மையில் நீளத்தின் கணக்கே.

என்ஃபீல்டு ரைபிளின் குழல் விட்டம் 0.577 அங்குலம். அதன் பள்ளங்கள் 78 அங்குலத்துக்கு ஒருமுறைதான் முழுச் சுற்றுச் சுற்றின. 39 அங்குலக் குழலில் குண்டு அரைச் சுற்றோடு வெளியேறிவிடும். அந்தக் குண்டின் எடை 530 கிரெய்ன், அதாவது ஏறத்தாழ 34 கிராம். விட்வொர்த் அதே எடையை வைத்துக்கொண்டார். விட்டத்தை மட்டும் 0.451 அங்குலமாகக் குறைத்தார். விட்டம் குறைந்ததால் அதே ஈயம் ஒன்றரை மடங்குக்கும் மேலாக நீண்டது. காற்றைக் கிழித்துச் செல்ல மிக ஏற்ற வடிவம். ஆனால், பழைய முறுக்கில் அது நிலைகொள்ளாது. பலவகை முறுக்குகளைச் சோதித்தார். ஓர் அங்குலத்துக்கு ஒரு சுற்று என்ற எல்லைவரைகூடச் சென்று பார்த்தார். கடைசியில் 20 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று முடிவு செய்தார். அது என்ஃபீல்டின் முறுக்கைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு இறுக்கம். குண்டு பள்ளத்திலிருந்து வழுவாதிருக்கக் குழலின் துளையையே அறுகோணமாக்கி, குண்டையும் அதற்கேற்ப அறுகோணத் திருகாக வார்த்தார்.

1857 ஏப்ரலில் ஹைத் நகரில் இரண்டு ரைபிள்களும் சோதிக்கப்பட்டன. 500 கஜத் தொலைவில் என்ஃபீல்டின் குண்டுகள் சராசரியாக 2.24 அடி விலகின. விட்வொர்த்தின் குண்டுகள் விலகியது 0.37 அடி மட்டுமே. ஒன்று இரண்டே கால் அடி, மற்றது நாலரை அங்குலம். 1,400 கஜத்தில் என்ஃபீல்டு இலக்கையே தொடவில்லை. ஒரே எடையுள்ள ஈயம், குழலோடு பொருந்தியதால் பெற்ற மாற்றம் இது.

அதே மாதங்களில் இந்தியாவில் அந்த என்ஃபீல்டு ரைபிளின் வேறொரு பொருத்தமின்மை வெடித்தது. அதன் தோட்டா உறையில் தடவிய கொழுப்பு, அதைப் பல்லால் கடித்துக் கிழிக்க வேண்டிய சிப்பாய்களின் சமய உணர்வோடு மோதியது. மே 10 அன்று மீரட்டில் கிளர்ச்சி மூண்டது. கிளர்ச்சிக்குக் காரணங்கள் பல. தோட்டா ஒரு பொறி மட்டுமே. ஆனாலும், ஒரு கருவி தன்னைக் கையாளும் மனிதரோடும் பொருந்த வேண்டும் என்பதை எந்தச் சுடுகூடமும் அளந்து சொல்லவில்லை.

சோதனையில் வென்ற விட்வொர்த் ரைபிளை அரசு ஏற்கவில்லை. குழல் விட்டம் மிகக் குறுகியது, வெடிமருந்தின் கரி விரைவில் படிந்து அடைத்துக்கொள்ளும் என்றார்கள். விலையும் என்ஃபீல்டைப் போலப் பல மடங்கு. அதற்குள் என்ஃபீல்டு ஆலையில் அமெரிக்க இயந்திரங்கள் நிறுவப்பட்டுவிட்டன; படைக் கிடங்குகளில் 0.577 அங்குலக் குண்டுகள் குவிந்துவிட்டன. மரையில் எல்லோரும் எளிதாக வந்து சேரக்கூடிய வழியைத் தேடியவர், ரைபிளில் மிகச் சிறந்ததை மட்டுமே தேடினார். குண்டுக்கும் குழலுக்கும் இடையிலான பொருத்தத்தை முழுமையாக்கினார். ரைபிளுக்கும் அதைச் சுற்றியிருந்த ஆலை, கிடங்கு, சிப்பாய் ஆகியவற்றுக்கும் இடையிலான பொருத்தம் கைகூடவில்லை. அரசுக் குழுக்களின் மந்தப் புத்தி என்று இதை ஒதுக்கிவிடுவது எளிது. என் பார்வையில் இரு தரப்பிலும் நியாயம் இருந்தது.

புகழ் மட்டும் குறையவில்லை. 1860 ஜூலை 2 அன்று விம்பிள்டனில் தேசிய ரைபிள் சங்கத்தின் முதல் போட்டியை விக்டோரியா அரசி தொடங்கிவைத்தார். தாங்கியில் பொருத்திய விட்வொர்த் ரைபிளின் விசையோடு இணைத்த கயிற்றை அவர் இழுக்க, 400 கஜத்துக்கு அப்பால் குண்டு மையத்திலிருந்து ஒன்றரை அங்குலத்துக்குள் பாய்ந்தது. செல்வர்கள் மான் வேட்டைக்கு அந்த வகை ரைபிளை வாங்கினார்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென் மாநிலப் படையின் குறிபார்ப்பவர்கள் அதைப் பயன்படுத்தினார்கள். 1864 மே மாதம் ஸ்பாட்சில்வேனியாவில் வடபடைத் தளபதி ஜான் செட்ஜ்விக் நெடுந்தொலைவிலிருந்து சுடப்பட்டு இறந்ததும் விட்வொர்த் குண்டால்தான் என்று பொதுவாகக் கருதப்படுகிறது. அளவின் நுட்பம் அறம் அறியாது. அடிமை முறையைக் காக்கப் போரிட்ட படைக்கும் அது அதே துல்லியத்தோடு பணிசெய்தது. விட்வொர்த்தின் வாழ்க்கையைப் போற்றும்போது இதை மறைத்துவிடலாகாது.

காலம் அவர் கணக்கை ஏற்றது. 1871-இல் பிரிட்டிஷ் படை மார்ட்டினி-ஹென்றி ரைபிளை ஏற்றபோது, அதன் குழல் விட்டம் 0.450 அங்குலம், முறுக்கு 22 அங்குலத்துக்கு ஒரு சுற்று, குண்டு 480 கிரெய்ன். குறுகியது என்று ஒதுக்கிய அதே விட்டம், ஏறத்தாழ அதே முறுக்கு. 1879-இல் கணிதப் பேராசிரியர் கிரீன்ஹில் இந்த உறவைச் சூத்திரமாகவே தந்தார். குண்டின் நீளம் அதன் விட்டத்தைப் போல் எத்தனை மடங்கு என்று கண்டு, 150-ஐ அந்த எண்ணால் வகுத்தால், எத்தனை விட்டத் தொலைவுக்கு ஒரு சுற்று தேவை என்பது கிடைக்கும். விட்வொர்த் குண்டின் நீளம் விட்டத்தைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. வகுத்தால் 50 விட்டங்கள். அதாவது 22 அங்குலத்தை ஒட்டிய விடை. சூத்திரம் பிறப்பதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே, தாள் திரைகளின் துளைகளை அளந்து 20 அங்குலம் என்று அவர் கண்டிருந்தார்.

அவருக்குப் பின் வந்தவர்களும் இந்தப் பாடத்தை விலை கொடுத்தே கற்றார்கள். 1955-இல் அமெரிக்காவில் இரண்டு நிறுவனங்கள் ஏறத்தாழ ஒரே நேரத்தில், ஒரே விட்டமுள்ள குண்டுக்கு வேட்டைத் தோட்டாக்களை வெளியிட்டன. ரெமிங்டன் தன் .244 ரைபிளுக்கு 12 அங்குல முறுக்கைத் தந்தது. வயல்களைக் கெடுக்கும் சிறு விலங்குகளைச் சுடும் இலகுவான குண்டுகளே அதன் முதன்மை நோக்கம். வின்செஸ்டர் தன் .243 ரைபிளுக்கு 10 அங்குல முறுக்கைத் தந்தது. மான் வேட்டைக்குரிய 100 கிரெய்ன் குண்டையும் அது நிலையாகச் செலுத்தும். இரண்டு வேலைக்கும் ஒரே ரைபிளை விரும்பிய வேட்டைக்காரர்கள் வின்செஸ்டரையே நாடினார்கள். ரெமிங்டன் பிறகு முறுக்கை 9 அங்குலமாக இறுக்கியது. 1963-இல் பெயரையும் மாற்றிப் பார்த்தது. இழந்த சந்தை திரும்பவில்லை. தோட்டாவின் ஆற்றலில் குறையில்லை; குழலின் முறுக்கில் இரண்டு அங்குல வேறுபாடு வணிகத்தையே தீர்மானித்தது.

இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைப் பெரும்பாலும் ஒழித்துவிட்டது, அது நல்லதே. ஆனால், வேட்டை அனுமதிக்கப்படும் நாடுகளில் இந்தப் பொருத்தம் ஓர் அறக் கடமையும்கூட. முறுக்கு போதாத குழலிலிருந்து வரும் நீண்ட குண்டு தடுமாறிப் பக்கவாட்டில் மோதும்; இலக்குத் தாளில் சாவித்துளைபோல நீள்வட்ட ஓட்டை விழும். அதே குண்டு விலங்கின் உடலில் தவறான இடத்தில் பட்டால், அது உடனே இறக்காமல் காட்டுக்குள் ஓடி நெடுநேரம் துன்புறும். பொருத்தம் பார்க்காதவனின் பிழைக்கு வேறோர் உயிர் விலை கொடுக்கிறது.

விட்வொர்த்தின் பிற்காலம் ஈகையின் காலம். 1868-இல், கோட்பாடும் கைத்தொழிலும் ஒருங்கே கற்கும் இளைஞர்களுக்காக, ஆண்டுக்கு 100 பவுண்டு வீதம் 30 உதவித்தொகைகளை நிறுவினார். ஏட்டறிவும் பட்டறை அறிவும் ஒரே மனிதரிடம் பொருந்த வேண்டும் என்ற அவரது நம்பிக்கையின் வெளிப்பாடு அது. 1869-இல் பேரனெட் பட்டம் வந்தது. 1874-இல் தம் தொழிலைப் பங்கு நிறுவனமாக மாற்றியபோது, மேற்பார்வையாளர்களும் தொழிலாளர்களும் பங்குதாரர் ஆக வழிசெய்தார். 1887 ஜனவரி 22 அன்று மாண்டி கார்லோவில், 83-ஆம் வயதில் மறைந்தார். பிள்ளைகள் இல்லாத அவர் விட்டுச்சென்ற செல்வத்திலிருந்து மான்செஸ்டரின் விட்வொர்த் கலைக்கூடமும் பூங்காவும் பிறந்தன; பிற்காலத்தில் புற்றுநோய் சிகிச்சைக்குப் பெயர்பெற்ற கிறிஸ்டி மருத்துவமனையின் தொடக்கத்துக்கும் அந்தச் செல்வம் துணைநின்றது.

இந்த வாழ்க்கையை இன்று நினைவுகூரக் காரணம் உண்டு. வாங்கும்போது நாம் பெரும்பாலும் ஒற்றை எண்ணைத்தான் பார்க்கிறோம்: எத்தனை கிரெய்ன், எத்தனை குதிரைத்திறன், எத்தனை கோடி. நான் இடம்பெற்ற ஒரு கொள்முதல் குழுவில், மிக உயர்ந்த திறனுடையது என்பதற்காகவே ஓர் ஆய்வுக் கருவி வாங்கப்பட்டது. அதற்குரிய மின்னிணைப்பு அந்தக் கட்டடத்தில் இல்லை. இயக்கத் தெரிந்த பணியாளரும் இல்லை. உறை பிரிக்கப்படாமலேயே அதன் உத்தரவாதக் காலம் முடிந்தது. குற்றம் கருவியிலும் இல்லை, கட்டடத்திலும் இல்லை. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் பொறுப்பு யாருக்கும் தரப்படவில்லை. மருத்துவர் இல்லாத மருத்துவமனைக் கட்டடமும், ஆசிரியர் இல்லாத கணினிக் கூடமும் இதே வகையைச் சேர்ந்தவை. பொதுப் பணம் கனமான குண்டாக வாங்கப்படுகிறது. குழலின் முறுக்கை யாரும் கேட்பதில்லை.

அரசின் அவசரத்துக்கு நடுவிலும், இயந்திரம் செய்வதற்கு முன்னால் அளந்து பார்க்கிறேன் என்று சொல்லும் துணிவு விட்வொர்த்துக்கு இருந்தது. அளந்து பார்க்க ஒரு கூடத்தைக் கட்டிக்கொடுக்கும் பொறுமை அரசுக்கும் இருந்தது. ஒவ்வொரு பெரிய கொள்முதலுக்கும் புதுத் திட்டத்துக்கும் முன்பாக, அது எதனோடு சேர்ந்து இயங்கப்போகிறது என்பதை எழுத்தில் கேட்டுப் பெறும் நடைமுறை நம்மிடம் வேண்டும். அதற்குச் செலவு அதிகமில்லை. மெல்லிய தாள் திரைகள் போதும். துளை எங்கே விழுகிறது என்று நேர்மையாகப் பார்க்கும் கண்களும் வேண்டும்.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).